இந்த வண்டி ரெட்ரோவா, இல்ல வெறும் பழசா?

அல்சூர்_ஏரிக்கரை | சனி, இரவு 9:40

போன வாரம் மர்ஃபி டவுன் பக்கம் ஒரு குஜிரி கடையில ஒரு மலை சைக்கிள் கிடைச்சது. குக் டவுன்ல பழைய பங்களா ஒண்ணைக் காலி பண்ணினப்போ இரும்புக் கட்டில், வாஷிங் மெஷினோட இதுவும் வந்துச்சாம். எடைக்குப் போட இருந்தாங்க. 2,200 கேட்டார், 1,500-க்கு முடிஞ்சது.

ஸ்டீல் ஃபிரேம். மேல்குழாய் கிட்டத்தட்ட தரைக்கு இணையா போகுது. பேர் எதுவும் இல்லை, யாரோ ஒரு புண்ணியவான் முழுசா பச்சை எனாமல் அடிச்சு வெச்சிருக்கார். சீட் பைப்புல நகத்தால சுரண்டினா "டாங்கே"ன்னு (ஜப்பான் ஸ்டீல் குழாய் கம்பெனி) பாதி ஸ்டிக்கர் தெரியுது. 26 இன்ச் சக்கரம், கேண்டிலீவர் பிரேக், முன்னாடி 3 பின்னாடி 7 கியர், ஷிமானோ கிராங்க் (பெடல் மாட்டற கை). ஹேண்டில்பார் ஒன்னேகால் முழம்தான், அளந்தேன், 56 செ.மீ. ஆனா ஹேண்டில்பாரைப் பிடிக்கற ஸ்டெம் 13.5 செ.மீ. நீட்டிக்கிட்டு நிக்குது. முன்சக்கரத்தைப் பிடிக்கற ஃபோர்க்கை மட்டும் யாரோ மாத்தி ஸ்பிரிங் ஃபோர்க் போட்டிருக்காங்க.

ஆபீஸ்ல ஒருத்தர் "இது ரெட்ரோ, பத்திரமா வை"ங்கறார். இன்னொருத்தர் "முப்பது வருஷம் ஆனா எல்லாம் ரெட்ரோன்னா என் மாமனாரும் ரெட்ரோதான்"ங்கறார். எதை வெச்சு முடிவு பண்றது? வருஷமா, பாகமா, பிராண்டா?

29_இன்ச் | சனி, இரவு 9:52

வருஷம்தான் பாஸ், இதுல என்ன குழப்பம். பிரிட்டன் பக்கம் பழைய மலை சைக்கிள் சேக்கறவங்க பலர் 1997-ஓட கோடு போட்டுடறாங்க. அதுக்கு முன்னாடின்னா உள்ள, பின்னாடின்னா வெளிய. உங்க வண்டி எந்த வருஷம்?

அல்சூர்_ஏரிக்கரை | சனி, இரவு 9:55

அதான் தெரியலையே. ஃபிரேம் அடியில நம்பர் இருக்கு, ஆனா எனாமல் அடைச்சிருக்கு.

பழைய_ஸ்டீல் | சனி, இரவு 10:20

ஃபிரேம் நம்பரை விடுங்கள், பெயர் தெரியாத வண்டியில் அது உதவாது. கிராங்க்கின் உட்புறத்தை, அதாவது ஃபிரேமைப் பார்த்திருக்கும் பக்கத்தை, மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். ஷிமானோ என்றால் அங்கே சின்னதாக இரண்டு ஆங்கில எழுத்து குத்தியிருக்கும். முதல் எழுத்து வருடம், இரண்டாவது மாதம். 1976-க்கு "ஏ" என்று வைத்து எண்ணிக்கொண்டே வாருங்கள். மாதமும் அப்படியே, ஜனவரிக்கு "ஏ".

அல்சூர்_ஏரிக்கரை | சனி, இரவு 10:48

சார்! "க்யூ டி"ன்னு இருக்கு! விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், ரெண்டு தடவை. 1992 ஏப்ரல்.

29_இன்ச் | சனி, இரவு 10:50

முடிஞ்சது. ரெட்ரோ. இழையைப் பூட்டிடலாம்.

சங்கிலி_எண்ணெய் | ஞாயிறு, காலை 6:15

பூட்டறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. 1997 டிசம்பர் 31 ராத்திரி அப்படி என்ன நடந்துச்சு? மறுநாள் காலையில ஷட்டர் திறந்த சைக்கிள் எல்லாம் திடீர்னு மாடர்ன் ஆயிடுச்சா? அப்புறம், கிராங்க் 1992-ன்னா கிராங்க்தான் 1992. வண்டி 1992-ன்னு அது சொல்லலை. ஃபோர்க்கை மாத்தினவர் கிராங்க்கையும் மாத்தியிருக்கலாம்.

பழைய_ஸ்டீல் | ஞாயிறு, காலை 7:05

இரண்டாவது கேள்விக்கு முதலில். பின் டெரெய்லர் (சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றும் கருவி), பிரேக் இவற்றிலும் அதே மாதிரி எழுத்து இருக்கும். மூன்று இடத்தில் 1991, 92 என்று வந்தால் வண்டியும் அப்போதுதான் பிறந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதல் கேள்வி நியாயமானது. அந்தக் கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடவில்லை. 1990-ல் அமெரிக்காவின் டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டி நடந்தபோது ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் அசையும் ஃபோர்க்குகள் வந்துவிட்டன, ஆனால் அசையும் தூரம் சுமார் 5 செ.மீ.தான். பலரும் அசையாத ஸ்டீல் ஃபோர்க்கில்தான் ஓட்டினார்கள். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் முதன்முறையாக நுழைந்தது, நெதர்லாந்தின் பார்ட் பிரென்ட்யென்ஸ் தங்கம் வாங்கினார். அதே காலத்தில் ஷிமானோவின் வி-பிரேக் வந்தது. இரண்டே வருடத்தில் கேண்டிலீவர் பிரேக்கைக் கடைகளில் தேட வேண்டியதாயிற்று. ஃபிரேம்கள் ஸ்டீலிலிருந்து அலுமினியத்துக்கு மாறின, முன் ஃபோர்க் அசைவது வழக்கமானது, டிஸ்க் பிரேக் எட்டிப் பார்க்கத் தொடங்கியது. வாசல் எங்கே முடிந்து திண்ணை எங்கே தொடங்குகிறது என்று சண்டை போடலாம். வீட்டுக்குள் இருக்கிறோமா தெருவில் இருக்கிறோமா என்பது தெரியும் அல்லவா.

கேஜிஎஃப்_பையன் | ஞாயிறு, காலை 8:30

சார் சொல்றது சரி, ஆனா அது அமெரிக்கா கணக்கு. நம்ம கணக்கு ஒண்ணு இருக்குல்ல?

1996-ல நான் எட்டாவது. அப்பாவுக்கு கோலார் தங்கவயல்ல, சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல வேலை. போனஸ்ல ஹெர்குலிஸ் எம்டிபி எடுத்துக் கொடுத்தார். கியர் கிடையாது. நேர் ஹேண்டில், தடி டயர், அவ்வளவுதான். அதுவரைக்கும் தெருவுல எல்லார்கிட்டயும் அந்தக் கறுப்பு ரோட்ஸ்டர்தான், ராடு பிரேக், பெரிய கேரியர். நான் இதை ஓட்டிட்டு வந்தப்போ பசங்க பின்னாடியே ஓடி வந்தாங்கபா.

எங்க ஊர் சயனைடு மேடு பார்த்திருக்கீங்களா? தங்கம் பிரிச்சது போக மிஞ்சின தூளை நூறு வருஷமா கொட்டிக் கொட்டி மலை ஆக்கி வெச்சிருக்காங்க. காய்ஞ்ச நாள்ல முகப்பவுடர் மாதிரி பறக்கும். மழை பேஞ்சா ஓடை அறுத்துட்டுப் போய் ஓரம் எல்லாம் கத்தி மாதிரி நிக்கும். மேல வண்டியைத் தள்ளிட்டுப் போய் அங்கிருந்து இறங்குவோம். நாலு தடவை இறங்கினா பிரேக் கட்டை காலி, அஞ்சாவது தடவை செருப்புதான் பிரேக். அந்தத் தூள் நல்லதில்லைன்னு அம்மா கத்துவாங்க, யார் கேட்டா.

அது மலை சைக்கிள் இல்லைன்னா வேற எது மலை சைக்கிள்? 2001-ல சுரங்கத்தை மூடினதும் வீட்டுல முதல்ல வித்தது அந்த வண்டியைத்தான்.

29_இன்ச் | ஞாயிறு, காலை 9:10

அண்ணா, மனசு கஷ்டமா இருக்கு படிக்க, ஆனா கண்ணீரை வெச்சு கேட்டகிரி பிரிக்க முடியாது. அது மலை சைக்கிள் வேஷம் போட்ட ரோட்ஸ்டர். காட்டர் பின்னுங்கற ஆப்பு அடிச்ச கிராங்க், கனமான சாதா இரும்பு, கியரே இல்லை. நான் வேணும்னா "பழைய இந்திய சைக்கிள்"னு தனி இழை ஆரம்பிச்சுத் தரேன்.

கேஜிஎஃப்_பையன் | ஞாயிறு, காலை 9:14

நீ ஆரம்பிச்சுத் தரியா? நான் அந்த மேட்டுல இறங்கினப்போ நீ பொறந்திருக்கவே மாட்ட.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, காலை 9:30

வயசை இழுக்க வேண்டாம். சைக்கிளோட வயசை மட்டும் இழுங்க.

சங்கிலி_எண்ணெய் | ஞாயிறு, காலை 10:05

29, நீங்க சொல்றபடி பாகத்தை வெச்சே பார்ப்போம். நேத்து சிவாஜிநகர்ல ஒரு சைக்கிள் கடை வாசல்ல புது வண்டி வரிசையா நின்னுச்சு, பாலிதீன் உறை கூட பிரிக்கலை. 26 இன்ச் சக்கரம். ஸ்டீல் ஃபிரேம். மரை போட்ட ஹெட்செட் (ஃபோர்க் திரும்பற பேரிங்), உள்ள இறக்கற ஸ்டெம். பின்னாடி 7 பல்சக்கரம், அதுவும் மரையில திருகற ஃபிரீவீல். அல்சூர்க்காரர் வண்டியில இருக்கறதைவிட ஃபிரீவீல் டெக்னாலஜி பழசு! ஐரோப்பாவுல 26 இன்ச் டயருக்கு அலையறாங்களாம், இங்க எந்தப் பஞ்சர் கடையிலும் ஆணியில தொங்குது.

அப்போ அந்தப் புது வண்டி ரெட்ரோவா? இல்லைன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏன் இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்.

29_இன்ச் | ஞாயிறு, காலை 10:31

ஏன்னா அது 2024 வண்டி.

சங்கிலி_எண்ணெய் | ஞாயிறு, காலை 10:33

சுத்திச் சுத்தி சுப்பன் கொல்லையில.

பழைய_ஸ்டீல் | ஞாயிறு, பிற்பகல் 12:40

சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் இவ்வளவு நடந்துவிட்டதா. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருடம் டூல்ரூமில் இருந்தவன், சுருக்கமாகப் பேச வராது.

மலை சைக்கிளின் பிறப்பே குஜிரி கடையில்தான். கலிபோர்னியாவில் மரின் கவுண்டி என்று ஒரு பகுதி. எழுபதுகளில் அங்கே சில இளைஞர்கள் 1930, 40-களின் ஷ்வின் சைக்கிள்களைப் பழைய சாமான் கடையிலிருந்து சில டாலருக்கு வாங்கினார்கள். பலூன் டயர், பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும் ஹப். அதை மலை மேல் கொண்டுபோய் இறக்கினார்கள். 1976 அக்டோபரில் பந்தயமாகவே நடத்தினார்கள். சுமார் 400 மீட்டர் இறக்கம், நாலைந்து நிமிடம். கேரி ஃபிஷரின் 4 நிமிடம் 22 வினாடிதான் கடைசி வரை சாதனை. ஒவ்வொரு தடவை இறங்கியதும் ஹப்பிலிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும், மறுபடி பிரித்து கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பாதைக்கே "ரீபேக்" என்று பெயர். நம் கேஜிஎஃப் தம்பியின் பிரேக் கட்டைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

1977-ல் ஜோ பிரீஸ் அதற்கென்றே புதிதாக ஃபிரேம் செய்தார். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு ஸ்டம்ப்ஜம்பர் தொழிற்சாலையில் மொத்தமாகத் தயாராகி விற்பனைக்கு வந்தது. அதன் பிறகு பதினைந்து வருடம் ஒரே கூத்து. இந்த வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே எல்லாரும் எல்லாவற்றையும் செய்து பார்த்தார்கள். முட்டை வடிவப் பல்சக்கரம். பெடலுக்குப் பின்னால், சங்கிலிக் குழாயின் அடிவயிற்றில் பிரேக், சேறு முழுக்க அதில்தான் சேரும். ஸ்டெம்முக்குள் கீல் வைத்து ரப்பர் துண்டைச் செருகி அதிர்வைக் குறைக்கப் பார்த்தார்கள். ஜான் டொமாக் 1990-ல் ரோடு ரேஸ் வண்டியின் வளைந்த ஹேண்டிலைப் போட்டுக்கொண்டு மலையிறக்கப் பந்தயம் ஓட்டினார். ஹெட்செட் விட்டத்தில் மட்டும் மூன்று அளவு போட்டி போட்டன. இவற்றில் பெரும்பாலானவை நிற்கவில்லை.

என் கருத்து இதுதான். "இனிமேல் இப்படித்தான்" என்று நம்பி, அந்தக் காலத்தின் முழு மூளையையும் போட்டுச் செய்த வண்டி. ஆனால் பாதை வேறு பக்கம் திரும்பிவிட்டது. அதுதான் ரெட்ரோ. சிவாஜிநகர் கடை வண்டியில் அதே பாகங்கள் இருக்கின்றன, மலிவு என்பதால் இருக்கின்றன. அதைச் செய்தவருக்கு எந்தக் கனவும் இல்லை, அன்றைய மார்க்கெட் விலைதான் கண்ணில் இருந்தது. கேஜிஎஃப் தம்பியின் வண்டியைப் பொறுத்தவரை, இந்த ஊர்த் தெருவில் அது ஒரு புது நினைப்பு. நான் அதை உள்ளே விடுவேன்.

29_இன்ச் | ஞாயிறு, பிற்பகல் 1:15

சார், அழகா எழுதியிருக்கீங்க, ஆனா கனவு இருந்துச்சா இல்லையான்னு எந்த ஸ்பேனரை வெச்சு அளக்கறது? விக்கறவன் வந்து "இதுல கனவு இருக்கு, அதனால 25,000"னு சொன்னா? நான் 1997-லயே நிக்கறேன். ஹெர்குலிஸை மட்டும் போனாப் போகுதுன்னு விட்டுத்தரேன், 1996-ங்கறதால.

கேஜிஎஃப்_பையன் | ஞாயிறு, பிற்பகல் 1:17

ரொம்பப் பெரிய மனசு.

அல்சூர்_ஏரிக்கரை | ஞாயிறு, மாலை 5:50

பின் டெரெய்லர்ல "க்யூ பி", முன் பிரேக்ல "க்யூ ஏ". ஆக 1992-தான்.

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, அந்த ஃபோர்க். அதை வெச்சுக்கிட்டா ரெட்ரோ போயிடுமா? ரெண்டு, கியர் மாத்தற கட்டைவிரல் லீவர் இருக்கே, அதுல ஒரு வளையம் மாதிரி இருந்துச்சு, சும்மா திருப்பினேன். இப்போ டிக் டிக் சத்தமே வரலை, லீவர் வழுக்கிக்கிட்டுப் போகுது. உடைச்சுட்டேனா?

சங்கிலி_எண்ணெய் | ஞாயிறு, மாலை 6:20

உடைக்கலை, நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க. அந்த வளையத்தைத் திருப்பினா படி இல்லாம இழுக்கற மாதிரி ஆயிடும். கேபிள் தளர்ந்தாலும், டெரெய்லர் கொஞ்சம் வளைஞ்சிருந்தாலும், பின்னாடி 8 கியர் 9 கியர் போட்டாலும்கூட, காதால கேட்டுக்கிட்டே லீவரை நகர்த்தி சங்கிலியை உக்கார வெச்சுடலாம். திருப்பி வெச்சா மறுபடி டிக் டிக். இன்னைக்கு வர்ற பத்து மடங்கு விலை ஷிஃப்டர்ல இந்த வசதி கிடையாது. என்னைக் கேட்டா ரெட்ரோவுக்கு அடையாளம் கனவும் இல்லை, வருஷமும் இல்லை. அந்த வளையம்தான்.

29_இன்ச் | ஞாயிறு, மாலை 6:41

ஃபோர்க் பத்தி நான் சொல்றேன். பழைய ஃபோர்க் அச்சுலேர்ந்து மேல ஹெட்செட் வரைக்கும் சுமார் 39, 40 செ.மீ. இருந்திருக்கும். இப்போ இருக்கறதை அளந்து பாருங்க, 45-க்குப் பக்கம் வரும். முன்பக்கம் 5 செ.மீ. தூக்கினா தலைக் கோணம், அதாவது ஃபோர்க் நுழையற முன்குழாயோட சாய்வு, கிட்டத்தட்ட 3 டிகிரி சாயும். அன்னைக்கு வழக்கம் 71 டிகிரி, இப்போ உங்களது 68. மாடர்ன் வண்டி எல்லாம் 64, 66-ன்னு ஓடுது. ஒரு வகையில அந்தப் புண்ணியவான் உங்க வண்டியைப் பத்து வருஷம் முன்னுக்குத் தள்ளியிருக்கார்.

பழைய_ஸ்டீல் | ஞாயிறு, இரவு 8:00

கணக்கு சரி, முடிவு தப்பு. முன்பக்கம் தூக்கும்போது கோணம் மட்டுமா மாறுகிறது? பெடல் அச்சு (கிராங்க் சுழலும் நடு அச்சு) 2 செ.மீ. ஏறும், சீட்டும் பின்னால் சாயும், ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும். அந்த 13.5 செ.மீ. ஸ்டெம்மை வைத்துக்கொண்டு 68 டிகிரியில் ஓட்டிப் பாருங்கள், படகு ஓட்டுவது போல இருக்கும். இன்றைய வண்டியில் கோணம் சாய்ந்தது என்றால் கூடவே ஸ்டெம் 4, 5 செ.மீ.க்குக் குறைந்தது, ஹேண்டில்பார் 76, 78 செ.மீ.க்கு அகன்றது, ஃபிரேமும் நீண்டது. ஒன்றை மட்டும் மாற்றினால் நாலும் கெடும். அதைவிட முக்கியம், ஃபோர்க் நீண்டால் கீழ்க்குழாய் சேரும் இடத்தில் நெம்புவிசை கூடும். அந்த வண்டியை அந்த நீளத்துக்கு யாரும் வடிவமைக்கவில்லை. ஹெட்செட்டுக்குக் கீழே, குழாயின் அடிப்பக்கம் பெயின்ட் சுருங்கியோ விரிசல் விட்டோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இன்னொரு சோதனை. சீட் போஸ்ட்டை எடுத்து அதில் என்ன அளவு குத்தியிருக்கிறது என்று சொல்லுங்கள். சீட் பைப்பின் வெளிவிட்டம் பெரும்பாலும் 28.6 மி.மீ. போஸ்ட் 26.8 என்றால் குழாயின் சுவர் 0.9 மி.மீ.தான், நல்ல ஸ்டீல். 25.4 போஸ்ட் நுழைகிறது என்றால் சுவர் 1.6, கனமான சாதா இரும்பு. ஸ்டிக்கர் பொய் சொல்லும், போஸ்ட் சொல்லாது.

அல்சூர்_ஏரிக்கரை | ஞாயிறு, இரவு 8:25

விரிசல் இல்லை சார். ஆனா போஸ்ட் வரவே மாட்டேங்குது. சீட்டைப் பிடிச்சுத் திருகினா வண்டியே திரும்புது.

சங்கிலி_எண்ணெய் | ஞாயிறு, இரவு 8:50

ஸ்டீலுக்குள்ள அலுமினியம் போஸ்ட், முப்பது வருஷம் மழைத்தண்ணி. ரெண்டும் சேர்ந்து துருப்பிடிச்சு உள்ள சிமென்ட் மாதிரி ஆயிருக்கும். சுத்தியலால அடிக்காதீங்க.

பெடல் அச்சைக் கழட்டி எடுத்துட்டு, ஃபிரேமைத் தலைகீழா நிறுத்துங்க. கீழ்ப்பக்கத்துலேர்ந்து சீட் பைப்புக்குள்ள துரு எண்ணெய் ஊத்தி மூணு நாள் விடுங்க. தினம் கொஞ்சம் ஊத்துங்க. அப்புறம் சீட்டைக் கழட்டிட்டு போஸ்ட்டோட தலையை ஒரு பெரிய வைஸ்ல இறுக்கி, ஃபிரேமையே நெம்புகோல் மாதிரி பிடிச்சுத் திருப்புங்க. வீட்டு மேசையில இருக்கற குட்டி வைஸ் தாங்காது, ஏதாவது லேத் பட்டறையில கேளுங்க.

காஸ்டிக் சோடா ஊத்தினா அலுமினியம் கரைஞ்சுடும், ஸ்டீல் நிக்கும். ஆனா அது கடைசி வழி. சூடு கிளம்பும், எரியற வாயு வரும், பெயின்ட்டும் போயிடும். கையுறை, கண்ணாடி இல்லாம, வீட்டுக்குள்ள, கண்டிப்பா கூடாது. நான் ஒரு தடவை பால்கனியில பண்ணி, தரையில இன்னும் தடம் இருக்கு. வீட்டு ஓனருக்குத் தெரியாது.

கேஜிஎஃப்_பையன் | திங்கள், காலை 7:20

மாரிக்குப்பம் பாசஞ்சர்ல உக்காந்து இதைப் படிக்கறேன். பச்சை எனாமலை உரிக்கப் போறீங்களா?

அல்சூர்_ஏரிக்கரை | திங்கள், காலை 7:45

பவுடர் கோட்டிங் கொடுக்கலாம்னு நினைச்சேன்.

பழைய_ஸ்டீல் | திங்கள், காலை 8:10

மணல் அடித்துச் சுரண்டுகிற இடத்தில் கொடுக்காதீர்கள். அந்தக் குழாயின் நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. இரும்பு கேட்டுக்கு அடிக்கிற வேகத்தில் அடித்தால் மெலிந்துவிடும். பெயின்ட் ரிமூவர் போட்டுக் கையால் எடுங்கள். அடியில் அசல் பெயின்ட் கொஞ்சமாவது இருக்கும்.

29_இன்ச் | திங்கள், காலை 9:02

பச்சையை அப்படியே விட்டா என்ன? அதுவும் வண்டியோட சரித்திரம்தானே. (நான் கனவு கோஷ்டியில சேரலை, சும்மா கேக்கறேன்.)

அல்சூர்_ஏரிக்கரை | வியாழன், இரவு 10:15

வந்துடுச்சு!!

ஜே.சி. ரோடு பக்கம் ஒரு லேத் பட்டறை. நானும் பட்டறைக்காரரும் ஃபிரேமோட ஆளுக்கு ஒரு முனையைப் பிடிச்சுத் திருப்பினோம். முதல் மூணு தடவை ஒண்ணும் இல்லை. நாலாவது தடவை "டமார்"னு ஒரு சத்தம், பக்கத்து டீக்கடையில இருந்தவர் எழுந்து வந்து பார்த்தார். அப்புறம் கரகரன்னு கால் இன்ச் கால் இன்ச்சா மேல வந்துச்சு. போஸ்ட் முழுக்க வெள்ளைப் பொடி, சுண்ணாம்பு மாதிரி. துணியால துடைச்சா அடியில 26.8.

இன்னொண்ணு. போஸ்ட் உள்ள இருந்த இடத்துல சீட் பைப்போட விளிம்புல எனாமல் படாத ஒரு கோடு இருக்கு. ஊதாவுலேர்ந்து ரோஸுக்கு மாறுது.

பழைய_ஸ்டீல் | வியாழன், இரவு 10:31

1992-தான்.

சங்கிலி_எண்ணெய் | வியாழன், இரவு 10:33

அந்த ஊதா-ரோஸைப் பார்த்துட்டு இன்னமும் பச்சையை விடணும்னு யாராவது சொன்னா சண்டைக்கு வரேன்.

29_இன்ச் | வியாழன், இரவு 10:40

சொல்லலை. படம் போடுங்க முதல்ல.

அல்சூர்_ஏரிக்கரை | வியாழன், இரவு 10:52

நாளைக்குப் போடறேன். இப்போ எனக்கு வேண்டியது அசையாத ஸ்டீல் ஃபோர்க், ஒன்னேகால் இன்ச் இல்லை, 1-1/8, மரை போட்டது, கேண்டிலீவர் பிரேக் மாட்டற குமிழோட. ஹெட் டியூப் 13 செ.மீ. எங்க கிடைக்கும்?

கேஜிஎஃப்_பையன் | வெள்ளி, காலை 7:15

எங்க பக்கத்துல ஒருத்தர் மாடியில பழைய ஃபோர்க் நாலஞ்சு தொங்கவிட்டு வெச்சிருக்கார், எதுக்குன்னு அவருக்கே தெரியாது. அளவு பார்த்துட்டு வரேன். சரியா இருந்தா திங்கக்கிழமை ரயில்ல கொண்டு வரேன், கண்டோன்மென்ட்ல வந்து வாங்கிக்குங்க. காசு வேண்டாம். ஒரு தடவை ஓட்டக் கொடுத்தாப் போதும்.

அல்சூர்_ஏரிக்கரை | வெள்ளி, காலை 7:22

பிரேக் கட்டை புதுசு போட்டுட்டே தரேன்ணா.